ஓடுகிற வண்டியைத் திருத்துகிறவர்

ஓடாத வண்டியை ஓட வைக்கிறவருக்கு மெக்கானிக் என்று பெயர். நன்றாக ஓடுகிற வண்டியைத் திருத்துகிறவருக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாத காரணத்தாலேயே அவர் கணக்கில் வராமல் பெருகிவிட்டார். உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் நிச்சயம் இரண்டு பேர்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. டீக்கடை வாசலில் உங்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், டயரைப் பார்ப்பார். பிறகு கேட்காமலே பின் சீட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஒரு அழுத்து, இன்னொரு அழுத்து, வண்டி எழுந்து அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருந்து, நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் மாதிரி பெருமூச்சு விட்டு, "கொஞ்சம் மட்டும் மாத்திட்டா எங்கியோ போயிடும் சார்" என்பார். எங்கே போகும்? நீங்கள் போக வேண்டியது பஞ்சாயத்து ஆபீஸுக்கு. வண்டி எதையும் மாற்றாமலே அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் சொல்லிப் பயனில்லை.

எனக்குத் தெரிந்தவர்களில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி மரியசூசை.

பென்னாகரத்தில் வீடு, ஏரியூர் பக்கத்தில் கால்நடை ஆய்வாளர் வேலை. சுற்றியுள்ள ஊர்களுக்கு அவர் மாட்டு டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர். எண்பத்தாறாம் வருஷம், ஜப்பான்காரன் கூட்டில் புதிதாக வந்த நூறு சி.சி. வண்டி ஒன்றை, பெயர் பதிந்து மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார். அது சொன்னபடி கேட்டது. குறைவாகப் பெட்ரோல் குடித்தது. மழையில் ஒரே உதையில் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மனைவி ராஜமேரி பின்னால் உட்கார்ந்து வந்தார். ஒன்பது மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒரு மனிதர் எத்தனை நாள்தான் இதைத் தாங்குவார்?

ஓசூர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒரு முறை வந்தபோது பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றை விட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு வெள்ளைக்காரன் பாலைவன மணல்மேட்டிலிருந்து வண்டியோடு ஆகாயத்தில் எழும்பும் படம் இருந்தது. மரியசூசை அந்தப் படத்தை ஒரு வாரம் பார்த்தார். ஏரியூர் ரோட்டிலும் குழிகள் இருந்தன. ஆகவே மெக்கானிக் முனிராஜின் பட்டறைக்குப் போனார்.

வண்டியில் என்ன ரிப்பேர் என்று முனிராஜ் கேட்டார். ரிப்பேர் எதுவும் இல்லை என்றார் மரியசூசை. அப்படியானால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கத் தெரியாத முனிராஜ், சொன்னதைச் செய்தார்.

முதலில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய், ஒரு பெரிய வண்டியின் உயரமான ஷாக் அப்சார்பர்கள் வந்தன. வண்டியின் பின்பக்கம், முட்ட வரும் கிடா மாதிரி, தூக்கிக்கொண்டு நின்றது. அதனால் ஹெட்லைட் முன் சக்கரத்தையே பார்த்தது. அதனால் முன் ஃபோர்க்கையும் உயர்த்த வேண்டியதாயிற்று. உள்ளே ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு சாண் குழாயை வெட்டிப் போட்டுக் கனமான ஆயில் ஊற்றினார்கள். அதனால் ஆயில் சீல் கசிந்து பேண்ட் முழங்காலில் கறை பட்டது. வண்டி மொத்தமும் உயர்ந்துவிட்டதால் சைடு ஸ்டாண்டு எட்டவில்லை. போகிற இடமெல்லாம் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க, வண்டியின் பக்கப் பெட்டிக்குள் ஊசி மருந்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் ஏறியது. அரசாங்க மருந்துக்குப் பக்கத்தில் செங்கல் எதற்கு என்று மாட்டுக்காரர்கள் கேட்கவில்லை. ஏதோ வைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெரிய வண்டியின் ஸ்பிரிங் இவருடைய ஒல்லி உடம்புக்கு மசியவில்லை. இடுப்பு வலித்தது. இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் பழையதையே மாட்டச் சொல்வீர்கள். திருத்துகிறவர் பின்வாங்குவதில்லை, ஒரு திருத்தத்தைச் சரிக்கட்ட இன்னொரு திருத்தம் செய்வார். ஷாக் அப்சார்பருக்குள் மெல்லிய ஸ்பிரிங் போட்டார்கள். இப்போது மரியசூசை தனியாகப் போனால் தொட்டிலில் போவது போல் இருந்தது.

கடைசியாக டயர். சேலத்திலிருந்து பட்டன் டயர் ஒன்று வரவழைத்துப் பின்னால் மாட்டினார். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் அது. இருந்ததைவிட இரண்டு சைஸ் பெரிது. தார் ரோட்டில் போகும்போது மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டது. அதை மாட்டிய அன்றுதான் முனிராஜ் வாய் திறந்தார். மட்கார்டுக்கு உள்ளே ஒரு போல்ட்டு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, மெல்லிய ஸ்பிரிங், பெரிய டயர், பின்னால் இன்னொரு ஆள் ஏறினால் வண்டி அமுங்கி அது டயரில் உரசும் என்றார்.

"நான் தனியாத்தானே போறேன்" என்றார் மரியசூசை.

அது உண்மைதான். ராஜமேரி இரண்டு ஞாயிறுகளாகப் பூசைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார். ஏறுவதற்கு ஏணி வேண்டும், இறங்குவதற்கு வேண்டுதல் வேண்டும் என்று அவர் அக்கம்பக்கத்தில் சொன்னதாகக் கேள்வி. மனைவி உட்கார முடியாத வண்டி எப்படி முன்னேற்றம் ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். மரியசூசை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஆண்டி வந்து வாசலில் நின்றார். ஏரியூரைத் தாண்டிக் காட்டுக்கொட்டாயில், நிலத்து நடுவே குடிசை போட்டு இருக்கிறவர். முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். அவரும் அவர் மனைவி தீர்த்தம்மாளும் கன்றுக்குட்டியாக வாங்கி வளர்த்த கலப்பினப் பசு, தலைச்சன் ஈத்து. கொட்டாயில் வேறு மாடு கிடையாது.

"தண்ணிக்குடம் ஒடஞ்சி ரொம்ப நேரமாச்சுங்க. ஒரு காலு மட்டும் வெளிய தெரியுது. முக்கி முக்கிப் படுத்துடுச்சிங்க" என்றார். கன்று வழியில் சிக்கியிருக்கிறது என்பது மரியசூசைக்குக் கேட்டவுடனே விளங்கிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு பையை எடுத்தார்.

ராஜமேரி உள்ளேயிருந்து வந்தார். "அதே பஸ்ஸு இப்ப திரும்பிப் போவுங்க. ரெண்டு பேரும் அதுலயே போயிடுங்க."

பஸ் நின்று நின்று போகும், வண்டியில் போனால் கால் மணி முன்னாலேயே போய்விடலாம் என்று மரியசூசை சொன்னார். ஆண்டியைப் பின்னால் ஏற்றினார். ஆண்டி இரண்டு முறை முயன்று மூன்றாம் முறை ஏறினார்.

ஊர் எல்லை தாண்டும் முன்பே கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. குழியில் இறங்கும்போதெல்லாம் கர்ரென்று ஒரு உரசல், கூடவே ரப்பர் தீய்கிற வாசனை. மரியசூசை வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். சைக்கிளில் போகிற ஒருவர் சற்று நேரம் கூடவே வந்து பேசிவிட்டு முந்திப் போனார். பின்னால் ஹாரன் கேட்டது. ராஜமேரி சொன்ன பஸ். உள்ளே பாதி சீட் காலியாக இருந்தது. புழுதியை இறைத்துவிட்டுப் போயிற்று. கையைக் காட்டியிருந்தால் நின்றிருக்கும் என்று ஆண்டி பிற்பாடு சொன்னார். கையைக் காட்ட மரியசூசைக்கு மனம் வரவில்லை. பஸ் கண்ணுக்கு மறைந்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் டயர் வெடித்தது.

இரண்டு பேரும் இறங்கிப் பார்த்தார்கள். போல்ட்டு முனை டயரின் நடுவே சுற்றிலும் கோடு கிழித்து, ஒரு இடத்தில் ட்யூப் வரைக்கும் திறந்திருந்தது. ஒட்டுப் போடுகிற காயம் இல்லை. அந்த சைஸ் டயர் சேலத்தை விட்டால் கிடையாது. அடுத்த பஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும். ஆண்டி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, "அது பயந்த மாடுங்க. நான் இல்லன்னா பால்கூடக் கறக்க விடாது" என்று மட்டும் சொன்னார். மரியசூசை ரோட்டைப் பார்த்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, தன் வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் நின்றார்.

அரை மணி கழித்துப் பால்காரர் ராஜாமணி வந்தார், டவுனில் பாலை ஊற்றிவிட்டுக் காலி கேன்களோடு. அவருடைய மொபெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் டயர்களில் பல் என்று ஒன்று என்றைக்கோ இருந்ததாக நம்ப வேண்டும். முன் விளக்கு சணல் கயிற்றில் நின்றது. ஸ்பிரிங் என்று ஏதாவது இருந்தால் அது கிழிந்த சீட்டுக்கு உள்ளே, வெளியே வரத் தயாராக இருந்தது. மூன்று மாதம் முன்பு இதே மொபெட்டின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்து, இதில் உயிரோடு போவது பெரிய விஷயம் என்று மரியசூசை சொல்லியிருக்கிறார்.

ராஜாமணி அதை நினைவில் வைத்திருந்தாரோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தர்தான் உட்கார முடியும் என்றார். மரியசூசை ஏறிக்கொண்டார். ஆண்டி தன் மாட்டிடம் போக வழியில்லாமல், வெடித்த வண்டிக்குக் காவலாக ரோட்டில் நின்றார். இரண்டு பக்கமும் கேன்கள் கணகணவென்று அடிக்க, மடியில் பையை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியையும் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாலும் எண்ணிக்கொண்டு மாட்டு டாக்டர் போய்ச் சேர்ந்தார்.

கொட்டாயில் பசு பக்கவாட்டில் கிடந்தது. கண் செருகியிருந்தது. தீர்த்தம்மாள் அதன் தலையை மடியில் வைத்திருந்தார். அக்கம்பக்கத்து ஆட்கள் வெளியே தெரிந்த அந்தக் காலில் கயிறு கட்டி, நாலு பேர் சேர்ந்து இழுக்கத் தயாராக நின்றார்கள்.

"கயித்த விடுங்க" என்றார் மரியசூசை. "இழுத்தா ரெண்டு உசுரும் போயிடும்."

இனி நான் சொல்லப்போவது என் கேலிக்கு உதவாது. ஆனாலும் சொல்ல வேண்டும். சட்டையைக் கழற்றினார், தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவினார், மண்ணில் படுத்தார், கையை உள்ளே விட்டார். கன்றின் இன்னொரு கால் மடங்கிப் பின்னால் போயிருந்தது. பசு முக்கும்போது கையை அசைக்காமல் வைத்திருந்தார், அது ஓய்ந்தபோது கன்றை ஒரு விரற்கடை உள்ளே தள்ளினார், மறுபடி காத்திருந்தார். கூட்டத்தில் ஒருவர் இப்போது இழுக்கலாமா என்று கேட்டார். அதுவாக வரும், நாம் வழியை மட்டும் விட்டால் போதும் என்றார். வண்டி விஷயத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் சும்மா இருக்க முடியாத அதே மனிதர், அந்த மண்தரையில் முக்கால் மணி நேரம் ஒன்றையும் அவசரப்படுத்தாமல் கிடந்தார். மடங்கிய காலின் குளம்பு கைக்குள் அடங்கி நேராக வந்தது. அதன் பிறகு மூன்று முக்கலில் கன்று வெளியே விழுந்தது.

மூச்சு இல்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய் தேய் என்று தேய்த்தார். தீர்த்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். கன்று தும்மியது. பெண் கன்று, கிடேரி.

பசு எழுந்திருக்கவில்லை. இவ்வளவு நேரம் முக்கியதில் இடுப்பு மரத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இந்தக் கஷ்டம் இருந்திருக்காது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். ஏன் தாமதம் என்று ஆட்கள் கேட்டார்கள். அவர் கையைக் கழுவப் போனார். தீர்த்தம்மாள்தான், "வந்துட்டாருல்ல, வுடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று மரியசூசைக்கு இருந்தது.

வெயில் ஏறிய பிறகு ஆண்டி வந்தார். வண்டியை அங்கே விட்டுவிட்டு வர மனமில்லாமல், வெடித்த டயரோடு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். கன்றைப் பார்த்தார், பசுவின் நெற்றியைத் தடவினார். பிறகு மரியசூசையிடம் வந்து, "வண்டி பத்திரமா இருக்குதுங்க சார். செங்கல்லும் கீழ வுழாம எடுத்தாந்துட்டன்" என்றார்.

பசு மூன்றாம் நாள்தான் எழுந்து நின்றது. அந்த மூன்று நாளும் மரியசூசை பஸ்ஸில் போய் வந்தார்.

நாலாம் நாள் முனிராஜின் பட்டறைக்குப் போய்ப் பழையபடி ஆக்கிவிடச் சொன்னார். பழைய ஷாக் அப்சார்பர்களையும் டயரையும் முனிராஜ் எங்கேயும் விற்கவில்லை. சாக்கில் சுற்றி, சார் பெயரை எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் ஆறு மூட்டைகள், ஆறு பெயர்களோடு இருந்தன. எல்லாரும் திரும்ப வருவார்கள் என்று முனிராஜுக்குத் தெரியும். சொல்லித் திருந்துகிற ஆட்கள் இல்லை என்பதும் தெரியும்.

வண்டி மறுபடி சொன்னபடி கேட்டது. ராஜமேரி மறுபடி பின்னால் உட்கார்ந்து பூசைக்கு வந்தார். மூன்று ஞாயிறு அமைதியாகக் கழிந்தது. நாலாம் ஞாயிறு, கோயிலுக்குப் போகிற வழியில், மரியசூசை மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"சீட்டு கொஞ்சம் கெட்டியா இல்ல? உள்ள வேற ஸ்பாஞ்சு மட்டும் மாத்தினா..."

"வண்டிய நிறுத்துங்க" என்றார் ராஜமேரி. இறங்கினார். மீதித் தூரத்தை நடந்தார்.

இவ்வளவும் படித்துவிட்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். நம்மிடம் மோட்டார் சைக்கிளே இல்லையே என்று நிம்மதியாகவும் இருப்பீர்கள். இருங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, பால்காரரைக் கொஞ்சம் முன்னாலேயே கொண்டு வந்திருக்கலாம், ஷாக் அப்சார்பர் விவரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், முடிவில் கொஞ்சம் மட்டும் மாற்றினால் எங்கேயோ போயிருக்கும் என்று எங்காவது ஒரு இடத்தில் உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருந்தால், முனிராஜிடம் இன்னும் சாக்கு இருக்கிறது.