சம்பந்தியோடு பந்தயக் காரில்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்

பெருமதிப்புக்குரிய குலேந்திரன் அத்தானுக்கு,

மைத்துனன் தேவதாசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் திருகோணமலையில் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் இடுப்பைத் தவிர. வட்சப்பில் சொன்னால் அக்கா பாதியிலேயே அழத் தொடங்கிவிடுவா என்பதால் கடிதம்.

மகள் ஜெனாட் விரும்பிய கியூபெக் பொடியனின் தகப்பன் லுசியேன், ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்த பிறகுதான் கலியாணப் பேச்சு என்று சொல்லியனுப்பினார். போன மாரியில் வந்திறங்கிய எனக்கோ பிரெஞ்சில் 'பொன்ஜூர்' மட்டும்தான் தெரியும். மகள் வாசலில் வைத்துச் சொன்னாள்: "அப்பா, அந்த மனிசன் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

விருந்தென்று நினைத்துக் கோட்டும் சூட்டுமாகப் போனால் அது கார்ப் பந்தயம். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் ஓடிய கார்களை மினுக்கி, அந்தக் காலத்து முறைப்படியே மண் பாதையில் ஓட்டுகிறார்கள், கூரையில்லை, சீட் பெல்ட் இல்லை, பின்னால் பார்க்கக் கண்ணாடியும் இல்லை, அதற்குப் பதிலாக ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குந்தியிருக்கவேண்டுமாம், அந்த ஆள் நான். பின்னால் கார் வந்தால் நான் தெரிவிக்கவேண்டும், அவர் ஒதுங்கி வழிவிடுவார் என்று ஜெனாட் மொழிபெயர்த்தாள். எஞ்சின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அவர் பெருவிரலால் பின்னால் காட்டிக் கேட்க, பச்சைக் கார் ஒன்று முதுகில் முட்டுகிற மாதிரி வர, நான் ஓம் என்று தலையாட்டினேன். மனிதர் விலகவில்லை. மறுபடி கேட்டார், இன்னும் பலமாக ஆட்டினேன், பாதையின் நட்டநடுவுக்கே வந்துவிட்டார். நான் அந்தோனியாரைக் கூப்பிட, தொப்பி பறக்க, பச்சைக் கார்க்காரன் ஹோர்ன் அடித்தே களைக்க, நாங்கள் முதலாவதாக வந்தோம். இப்படியொரு துணிச்சல்காரரை நான் கண்டதில்லை அத்தான். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

கோப்பை வாங்கிய மேடையில் பாண்ட் வாத்தியம் காதைப் பிளந்தது. லுசியேன் எண்ணெய்க் கையால் என் கையைப் பிடித்து, கீழே நின்ற பிள்ளைகள் இருவரையும் காட்டி, இரண்டு விரல்களைச் சேர்த்துக் கண்ணால் கேட்டார். கழுத்து நோகுமட்டும் தலையாட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே காரை மூடப் போய்விட்டார், சந்தோஷம் தாங்கவில்லைப் போலும்.

ஆகவே ஆவணியில் கலியாணம். விசாவுக்கு இன்றே போடுங்கள். என் மனிசி மாக்கிரட் உங்கள் இருவரையும் அன்போடு விசாரிக்கிறா. உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வராமல் ஆண்டவர் காப்பாராக.

இடுப்பு நோவோடும் நிறைந்த மனத்தோடும்,
தேவதாசன்

பி.கு.: விசாவை நிறுத்தி வையுங்கள். ஜெனாட் இப்போதுதான் அழுதுகொண்டு வந்தாள். நாங்கள் ஓம் என்று ஆட்டுகிற தலை இந்த ஊரில் 'இல்லை' என்று சொல்லுமாம். பந்தயத்தில் பின்னால் ஒருவருமில்லை என்றும், மேடையில் பெண் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். லுசியேன் இரவு சாப்பிடவே இல்லையாம். சப்பாத்துப் போட்டுவிட்டேன். அவர் வீட்டுக்கே போய், பிரெஞ்சில் ஓம் என்பதற்கு ஜெனாட் சொல்லித்தந்த 'உய்'யை வாயாலேயே சொல்லப் போகிறேன். தலையைப் பிடித்துக்கொள்ள மாக்கிரட்டும் கூட வருகிறா.