விசில் பாலுவின் உதடு

ஒண்டிப்புதூர் ஸ்டாப்பில் கடைசி ஆளும் ஏறியாயிற்று. பின் படிக்கட்டில் நின்றிருந்த கண்டக்டர் பாலுசாமி உதட்டைக் குவித்து ஊதினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. கூடவே கீழுதடு நடுவில் சுருக்கென்று பிளந்தது.

"ஆத்தா!" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ் அசையவில்லை. டிரைவர் யூனுஸ் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தபடி, பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, போலாமுங்களா? இல்ல, இங்கயே குடியிருக்கறதுங்களா?" என்றார் ஜன்னலோரத்து அம்மா.

முன் சீட்டில் இருந்த ஒருவர் எழுந்துபோய் யூனுஸின் தோளைத் தட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது.

சூலூருக்கும் காந்திபுரத்துக்கும் ஓடும் அந்தத் தனியார் பஸ்ஸில் அவரை யாரும் பாலுசாமி என்று கூப்பிடுவதில்லை. விசில் பாலு. பீப்பி கிடையாது, விரல் கிடையாது, வெறும் உதடு. ஆள் ஏறி இறங்கியதும் சுருக்கமாக இரண்டு அடிப்பார். அடிக்கும்போது வலது கை டிக்கெட் கட்டோடு தலைக்கு மேலே போய் ஒரு சுழற்று சுழற்றும். அது வேலையில் சேராது, சும்மா ஸ்டைல். யூனுஸோ காதுக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டை அலற விடுகிற ஆசாமி. அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போகிற விசில் ஆயிற்றே! இந்த வண்டியே தன் உதட்டில்தான் ஓடுகிறது என்று வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அந்த உதட்டுக்குத்தான் இப்போது கேடு. மார்கழிக் காற்றில் நாள் முழுக்கப் படிக்கட்டில் நிற்கிறார். நடுவழியில் ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீரே குடிப்பதில்லை. டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் தொடும்போதெல்லாம், போகிற போக்கில் உதட்டையும் ஒரு நக்கு. நனைந்தது காயும், காய்ந்தது வெடிக்கும், வெடித்தது எரியும், எரிகிறதே என்று மறுபடியும் நக்குவார்.

"நெய்யத் தடவிக்கோங்க, ராத்திரியோட சரியாப் போயிரும்" என்றாள் மனைவி வெங்கடலட்சுமி.

பாலுசாமி ராத்திரி வரை காத்திருக்கவில்லை. காலையிலேயே கொழகொழவென்று அப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். திருச்சி ரோட்டுப் புழுதி மொத்தமும் உதட்டில் வந்து குடியேறியது. துண்டால் துடைத்துத் துடைத்து, கை வாயை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் வண்டி கிளம்பாமல் நின்றது.

மறுநாள், இரக்கப்பட்ட ஒரு பெரியவர் மடியிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்து நீட்டினார். "போடுங்க தம்பி, குளுகுளுன்னு இருக்கும்."

குளுகுளு என்பது முதல் நொடி மட்டும். அப்புறம் உதட்டில் அடுப்பு மூட்டியது மாதிரி எரிந்தது. இரண்டு கையாலும் வாயை விசிறிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றார். பஸ்ஸும் நின்றது.

"ஊட்டுல ஏதாச்சும் துக்கமுங்களா?" என்று ஒரு கல்லூரிப் பெண் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மகள் தேஜஸ்ரீயின் லிப் பாமை எடுத்தார். ஸ்ட்ராபெரி வாசனை. இனிப்பாக வேறு இருந்ததால், இதுவரை போகிற போக்கில் நக்கியவர் இப்போது ருசித்து நக்கினார். போதாக்குறைக்கு அது சிவப்புச் சாயம் போட்ட சரக்கு என்பது காலையில் சிங்காநல்லூரில்தான் தெரிந்தது.

"கண்டக்டர்ணா, இன்னைக்கு உங்களுக்கு நிச்சயதார்த்தமுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. பாலுசாமி உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டார். வண்டி நகரவில்லை.

கடைசியில் மானத்தை விட்டு ஒரு பிளாஸ்டிக் பீப்பி வாங்கினார். ஒரு கையில் கம்பி, மறுகையில் பீப்பி. சிக்னல் பக்கத்து ஸ்டாப்பில் தம் கட்டி ஊதினார். ஒரு ஸ்கூல் வேனும் மூன்று பைக்கும் ஒரு தண்ணீர் லாரியும் சடக்கென்று பிரேக் போட்டன. டிராபிக் போலீஸ்காரர் தன் பீப்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கிளம்ப வேண்டிய பஸ் மட்டும் கிளம்பவில்லை.

அன்றைக்கே முதலாளி லட்சுமிநாராயணன் போன் செய்தார்.

"ஏப்பா பாலு, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு வண்டி படுத்துக்குதாமா? பின்னால வர்றவன் நம்ம ஆளுகளையெல்லாம் அள்ளிட்டுப் போறானாமா. வெள்ளிக்கிழமை நானே ஏறி வாரேன். அன்னைக்கும் லேட்டுன்னா, நான் வேற கண்டக்டரப் பாத்துக்கறேன்."

பாலுசாமி போனைப் பையில் போட்டுக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு இனி எவன் வண்டி கொடுப்பான்? விசில் போனால் வேலை போகும். வேலை போனால் பாலு ஏது? யூனுஸிடம் சொல்லலாம் என்றால் அதற்கும் வாய் வரவில்லை. விசில் பாலுவுக்கு விசில் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

சூலூர் பஸ் ஸ்டாண்டு அருகே மருந்துக்கடை வைத்திருந்த ரிஃபானா, அவர் உதட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இதுல என்னென்ன போட்டீங்கண்ணா?"

சொன்னார்.

"ஊறுகாதான் பாக்கி. தைலமும் வேண்டாம், வாசனையும் வேண்டாம். இந்தாங்க, வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. படுக்கறப்பவும் சாப்பிட்ட பின்னாலயும் மெலிசாத் தடவுங்க. நக்கக் கூடாது, தோலப் பிச்செடுக்கக் கூடாது. தண்ணி நல்லாக் குடிங்க. டிக்கெட்டுக்கு ஈர ஸ்பாஞ்சு வச்சுக்கோங்க. படிக்கட்டுல நிக்கறப்ப வாயத் துண்டுல சுத்திக்கோங்க. அப்படியும் ஆறலைன்னா டாக்டர்கிட்டக் காட்டீரோணும்."

"அப்ப விசிலுங்க அம்மணி?"

"வாயால மூச்சு விடறதே அதிகம். விசிலடிச்சீங்கன்னா மறுபடியும் பொளந்துக்கும், பாத்துக்கோங்க."

பாலுசாமி முதல் தடவையாக ஒருத்தர் சொன்னதை அப்படியே செய்தார். எரிச்சல் அடங்கியது. சாம்பார் சாதம் சாப்பிட்டும் கண் கலங்கவில்லை. "அப்பாடா" என்று சொல்லக்கூட உதடு இடம் கொடுத்தது. ஆனால் நடுவெடிப்பு இன்னும் மூடவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வந்துவிட்டது.

முதலாளி நடுச் சீட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். பின் படிக்கட்டில் பாலுசாமி, மூக்குக்குக் கீழே துண்டு சுற்றியபடி நின்றார். சூலூரில் ஆட்கள் ஏறி முடிந்தது. விசிலடித்தால் உதடு போகும், அடிக்காவிட்டால் பிழைப்பு போகும். ஒன்றும் தோன்றாமல், டிக்கெட் கட்டுப் பிடித்த கையைத் தலைக்கு மேலே தூக்கி, "சென்னிமலை ஆண்டவா, நீயே பாத்துக்கோ" என்று துண்டுக்குள்ளேயே முனகினார்.

பஸ் கிளம்பியது.

பாலுசாமிக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் மறுபடியும் கையைத் தூக்கி, "ஆண்டவா!" என்றார். பஸ் கிளம்பியது. ஒண்டிப்புதூரில் ஆண்டவா, சிங்காநல்லூரில் ஆண்டவா, ராமநாதபுரத்தில் ஆண்டவா. பின்னால் வந்த போட்டி வண்டி கண்ணுக்கே தெரியவில்லை.

காந்திபுரத்தில் இறங்கிய முதலாளி அவர் தோளில் தட்டினார். "டைமுக்கு வந்துட்டியேப்பா! எவனோ வேணும்னே போட்டுக் குடுத்திருக்கறான். நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

அவர் தலை மறைந்ததும் பாலுசாமி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலை தப்பித்துவிட்டது. சிரிக்க வேண்டும்போல் இருந்தது. உதட்டை நினைத்துப் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

டீக்கடையில், ஆறவைத்த டீயை உறிஞ்சிக்கொண்டே யூனுஸிடம் மனம் விட்டுச் சொன்னார். "யூனுஸு, இது சென்னிமலையான் செஞ்ச அற்புதம். மொட்டையடிக்கறதா வேண்டிக்கிட்டேன். இல்லாட்டி நான் ஒண்ணுமே பண்ணாம, நீ எப்படி அத்தன ஸ்டாப்புலயும் வண்டிய எடுத்திருப்ப?"

யூனுஸ் டீ கிளாஸை இறக்கினார். "என்னண்ணா சொல்றீங்க? கண்ணாடியில உங்க கை மேல போறது தெரிஞ்சா எடுப்பேன். மூணு வருசமா அதானே பண்றேன்? நடுவுல நாலஞ்சு நாளாத்தான் கைய வாயிலயே வச்சுட்டு நின்னீங்க. பல்வலியாக்கும்னு நானும் பேசாம காத்துட்டிருந்தேன்."

பாலுசாமி உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்போ... என்னோட விசிலு?"

யூனுஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, நீங்க விசிலெல்லாம் அடிப்பீங்களாண்ணா?"