தாண்டிக்குடிக் கரடிகளுக்கு அல் ஐன் வைத்தியம்

அல் ஐன்,
12-3-1986, புதன்கிழமை.

என் அக்காள் பெற்ற சிங்கம், தாண்டிக்குடி மலைத்தோட்டத்து அதிபதி மாப்பிள்ளை வைரவனுக்கு, பாலைவனத்தில் காடு வளர்த்துக்கொண்டிருக்கும் மாமன் நாகலிங்கம் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் என் கைபட்டு வளர்ந்த மரங்களும் சுகம். அங்கு நீயும், ஜெயமணி அக்காவும், கரடி மிச்சம் வைத்த மரங்களும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். அக்காவின் உடம்பு கல் மாதிரி இருப்பதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். அவள் அப்படியே நூறு வயசு இருக்கட்டும், ஒரு தும்மல்கூட வரக் கூடாது.

நிற்க. உன் கடிதமும், கரடி உரித்த மரத்தின் போட்டோவும் கிடைத்தன. சில்வர் ஓக் மரங்களைக் கரடி பட்டை உரித்துப் பால் நக்குகிறது என்றும், சித்திரையில் மரம் பார்க்க வரும் பிளைவுட் கம்பெனிக்காரர் உரித்த மரத்தைத் தொடமாட்டார் என்றும், அதற்குள் நான் லீவில் வந்து கரடிகளை அடக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். போதாததற்கு, “எங்க மாமா துபாய்ல காட்டு ஆபீசரு, வந்து ஒரு சத்தம் போட்டாருன்னா கரடியெல்லாம் பழனிக்கே ஓடிரும்” என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாயாம். சொன்னது தப்பில்லை. ஆனால் மாப்பிள்ளை, நான் எப்படி வருவேன்? நான் ஒரு நாள் நகர்ந்தால் இந்த இடம் பழையபடி மணல்காடாகிவிடும். ஆகையால் என் வித்தை முழுவதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், நீயே செய்துகொள்.

இங்கே எங்களுக்குக் கரடி என்பது ஒட்டகம்தான். பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. இரண்டுக்கும் மயிர் உண்டு, இரண்டுக்கும் ரோஷம் உண்டு, இரண்டும் மரத்தைக் கண்டால் விடாது. நாங்கள் ரோட்டோரம் நட்டிருக்கும் மரம் நம்ம ஊர் வன்னி மரத்துக்குத் தம்பி முறை. சொட்டுக் குழாயில் தண்ணீர் விட்டு, பிள்ளை மாதிரி வளர்க்கிறோம். ஒட்டகம் வேலியைத் தள்ளி, அந்தப் பிள்ளையின் தலையிலேயே கை வைக்கும். முதலில் தகர டின்களைக் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் அது ஆடி ஓசை கொடுக்க, ஒட்டகங்களுக்கு அது பிடித்துப்போய், கேட்டுக்கொண்டே சாப்பிட்டன. அப்புறம்தான் ஒரு யோசனை பிறந்தது. இதை இங்கே என்ஜினியர்கள்கூட யோசித்ததில்லை. பசித்தால்தானே மரத்தைக் கடிக்கும்? பசிப்பதற்கு முன்னால் நாமே போட்டுவிட்டால்?

வேலிக்கு வெளியே ஊறவைத்த பேரீச்சம்பழமும் தவிடும் வைத்தேன். முதல் நாள் மூன்று ஒட்டகம் வந்தன. மறுவாரம் ஓமன் எல்லையிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்துவிட்டன. கல்யாணப் பந்தி மாதிரிக் கூட்டம். இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தவை சும்மா நிற்காமல் வேலியில் முதுகு சொறிந்தன. வேலி விழுந்தது. எல்லாம் உள்ளே வந்தன. ஆனால் ஒரு இலையைக் கடித்தனவா? கடிக்கவில்லை! வயிறு நிறைந்திருந்தது. மரத்தில் சாய்ந்து படுத்து அசை போட்டன, அவ்வளவுதான். அதில் ஒடிந்த மரங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒடிந்தாலும் பட்டையில் ஒரு கீறல் இல்லை.

ஆகவே நீ தோட்டத்து ஓரத்தில் பலாப்பழமும் வெல்லமும் வை. கரடி அசை போடும்போது கிட்டே போகாதே. கழுத்தில் ஒரு மணி கட்டிவிடு, பிடித்து நிற்கவைத்துக் கட்டு. வராவிட்டால் நாக்கைச் சுழற்றி “ஹை ஹை” என்று கூப்பிடு, மண்டியிட்டு உட்காரும்.

என் ரூம்காரர் தியாகராசா, பம்ப் ஆபரேட்டர், யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர், என் மேல் பொறாமை ஒன்றுதான் குறை. இதை எழுதும்போது எட்டிப் பார்த்துவிட்டு,

“அண்ணை, நீங்கள் கரடி கண்டிருக்கிறியளோ?” என்றார்.

“நான் காணுறதா? கரடி என்னையக் கண்டிருக்கு. திண்டுக்கல்லுக்கு சர்க்கஸ் வந்தப்ப. கண்ட மாத்திரத்துல கூடாரத்தைக் கிழிச்சுக்கிட்டு ஒரே ஓட்டம்!”

“கிழிச்சுக்கொண்டு ஓடினது கரடியோ, நீங்களோ?”

படிப்பு அதிகமானால் இப்படித்தான் பேச்சு வரும்.

இனிமேல்தான் நல்ல செய்தி. உன் போட்டோவை எங்கள் முதலாளியிடம், அதாவது அர்பாபிடம், காட்டினேன். “கரடியால் வந்த வினை, என் குடும்பமே என்னைத்தான் கேட்கிறது, நான் சத்தம் போட்டால் கரடி பூனைக்குட்டி மாதிரி வரும்” என்றேன். தியாகராசாதான் அரபியில் சொன்னார். அர்பாப் எழுந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார் பார், இன்னும் வலிக்கிறது. “நாகா, உனக்குப் புது டியூட்டி!” என்றார். மறுநாளே ஆபீஸுக்குப் பக்கத்தில் வெல்டர்கள் வந்து எனக்குத் தனி ரூம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நாலு பக்கமும் இரும்புக் கம்பி, காற்று பிய்த்துக்கொண்டு வரும். குளிக்க ஆள் முங்கும் ஆழத்தில் சிமெண்ட் தொட்டி. நடுவில் சாய்ந்துகொள்ள ஒரு முழு மரம். இங்கே எந்த சூப்பர்வைசருக்கும் இப்படி ரூம் கிடையாது. ஒரே குறை, கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் வைத்துவிட்டார்கள். சொல்லி மாற்றிக்கொள்வேன்.

அக்காவுக்கு என் வணக்கம், உனக்கு ஆசி, விசாரிக்கிறவர்களுக்கு விசாரிப்பு, கரடிகளுக்கு என் எச்சரிக்கை.

இப்படிக்கு,
உன் மாமன்,
நாகலிங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அர்பாப் வந்தார். அந்த ரூம் எனக்கு இல்லையாம். மாசக் கடைசியில் கப்பலில் இரண்டு கரடி வருகிறதாம், புருஷனும் பெண்டாட்டியுமாக. தினமும் உள்ளே போய்த் தொட்டியில் இறக்கித் தேய்த்துவிடுவதுதான் என் புது டியூட்டி. தியாகராசாவின் சட்டையைப் பிடித்தேன். “அண்ணை, நீங்கள் சொன்னதிலை ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லிப்போட்டன்” என்கிறார் பாவி. மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கரடி கடிக்குமா, பிறாண்டுமா, எது முதலில் என்று உடனே எழுது. அதைவிட முக்கியம், இதைக் கண்டதும் தந்தி கொடு. “அம்மா சீரியஸ்” என்று போடாதே, அம்மாவுக்குப் போன லீவிலேயே ஆபீஸ் கணக்கில் காரியம் முடித்துவிட்டேன். சித்தப்பா, மாமனார் எல்லாரும் அதற்கு முந்திய லீவுகளில் போய்விட்டார்கள். மிச்சம் அக்கா ஒருத்திதான். “அக்கா சீரியஸ், உடனே புறப்படு” என்று கொடு. அவள் கோவித்துக்கொள்ள வேண்டாம், கல் உடம்பு, தாங்கும். வந்தாலும் நான் மலை ஏறமாட்டேன், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில்தான் இருப்பேன். ஊரில் கேட்டால், மாமா கீழே இருந்தே அடக்குகிறார் என்று சொல்.