மணிலா போண்டா

காக்காய் வரவில்லை.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வாழையிலைத் துண்டு, அதன்மேல் பிண்டச் சோறு. ராம்கி ஈர வேட்டியோடு “கா, கா” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். வந்ததெல்லாம் புறா. அவற்றை விரட்டுவதே ஒரு வேலையாகிவிட்டது. மல்லேஸ்வரத்துக் காக்காய்களெல்லாம் எங்கே குடிபோயினவோ!

அப்பாவின் முதல் வருஷத் திவசம். காக்காய் எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது.

“பித்ருக்களுக்கு மனசு ஆறலைன்னா இப்படித்தான்,” என்றார் சாஸ்திரிகள். அப்பாவின் பழைய சிநேகிதர். பசி முகத்தில் தெரிந்தது.

“அப்பாக்கு உன்மேல கோவம்டா,” என்றாள் அம்மா கோமளம். “போற நேரத்துல நீ பக்கத்துல இல்லையே.”

சுருக்கென்றது. அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை விட்டபோது ராம்கி வராந்தாவில் ஆபீஸ் போனில் இருந்தான். பேச்சு பாங்காக் நூடுல்ஸைப் பற்றி. ஒரு வருஷமாக அந்த நூடுல்ஸ் அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

பயண இணையதளம் ஒன்றில் அவனுக்கு எழுத்து வேலை. உலகத்துத் தெருச் சாப்பாட்டையெல்லாம் வர்ணிப்பான், பாஸ்போர்ட்கூடக் கிடையாது. போன வாரம் பிலிப்பைன்ஸ். கரியில் சுட்ட கோழிக்குடல், குஞ்சு உருவான வாத்து முட்டை, ஆரஞ்சு நிற மாவில் முக்கிப் பொரித்த காடை முட்டை. கடைசியதன் பெயர் க்வெக்-க்வெக். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத குடும்பத்துப் பிள்ளை, ‘மணிலா போனால் இதைத் தவற விடாதீர்கள்’ என்று உருகி உருகி எழுதியிருந்தான்.

அம்மாவும் சாஸ்திரிகளும் கீழே இறங்கியதும் போன் அடித்தது. மேலாளர் ரோஹன்.

“ராம்கி, வீடியோ எங்கே?”

“ரோஹன், இன்னிக்கு எங்காத்துல திவசம். நாளைக்கு...”

“நாளைக்கு என்ன யூஸ்? இப்போ மீட்டிங். உன் ஆர்டிகிளை மெஷின் எழுதினதுன்னு மேல சொல்றாங்க. நீ சாப்பிடற வீடியோ இருந்தாத்தான் உன் வேலைக்காக நான் பேச முடியும். இங்கயே க்வெக்-க்வெக் பண்ற ஒரு கிச்சன்லேர்ந்து பார்சல் அனுப்பிட்டேன். ஒண்ணே ஒண்ணு வாயில போடுப்பா, போதும்.”

வாசல் மணி அடித்தது. ராம்கி தடதடவென்று ஓடினான். அம்மா முந்திக்கொண்டுவிட்டாள்.

“என்னடா இது? டோரீன் கிச்சன், ஜீவனஹள்ளின்னு போட்டிருக்கு?”

“போண்டாம்மா. மணிலா போண்டா. ஆபீஸ்ல அனுப்பிருக்கா.”

“திவசத்தன்னிக்கு வெளிச் சாப்பாடா? வெங்காயம் போட்டிருப்பாளே!”

“வெங்காயம் சத்தியமா இல்லைம்மா.”

அந்த வரைக்கும் அவன் சொன்னது உண்மைதான்.

“எதுவா இருந்தாலும் ஆத்துக்குள்ள வரப்படாது. வாட்ச்மேன்கிட்ட குடுத்துடு.”

கொடுத்தால் வேலை போய்விடும். பார்சலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு மறுபடி மாடிக்கு ஏறினான். போனைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, டப்பாவைத் திறந்தான். ஆரஞ்சு உருண்டைகள் பளபளத்தன. ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோனான். அப்பாவின் முகம் கண்முன் வந்து நின்றது. முடியவில்லை. இன்னொரு முறை முயன்றான். உதட்டைத் தாண்டவில்லை.

போன் டிங் என்றது. ரோஹனின் செய்தி: ‘மீட்டிங் முடிஞ்சுது. ஸாரி ராம்கி. லேப்டாப்பை எடுக்க ஆள் வருவாங்க.’

அப்பாவைக் கைவிட்டு எந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழுதானோ, அந்த வேலையும் போயிற்று. டப்பாவைச் சுவர்மேல் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அம்மாவும் சாஸ்திரிகளும் மாடிக்கு வந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

“கா!”

ஒரே ஒரு காக்காய். சுவரில் இறங்கி, சோற்றைத் தலை சாய்த்துப் பார்த்தது. பிறகு இரண்டு தத்துத் தத்தி, டப்பாவிலிருந்து ஓர் ஆரஞ்சு உருண்டையைக் கவ்வியது.

“எடுத்துடுத்து! உங்கப்பா வந்துட்டார்டா!” அம்மாவுக்குக் கண்ணீர் பொங்கியது. “போண்டாவா இருந்தா என்ன, எடுத்துடுத்தே!”

காக்காய் உருண்டையைச் சுவர்மேல் வைத்து ஒரு கொத்துக் கொத்தியது. முதலில் வெள்ளை தெரிந்தது. அடுத்த கொத்தில் மஞ்சள்.

அம்மாவின் முகம் மாறியது. “ராம்கி, போண்டாக்குள்ள என்னடா மஞ்சளா?”

“முட்டைம்மா. காடை முட்டை.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அடப் பாவி! திவசத்தன்னிக்கு முட்டையா? அந்த மனுஷன் ஜென்மத்துல அதை மோந்து பாத்திருப்பாரா? கோவத்துல இருந்தவர் வாயில இதைப் போய்த் திணிச்சியேடா! இனிமே எங்கேர்ந்து உன்னை மன்னிப்பார்?”

ராம்கி வாய்விட்டு அழுதான். நாற்பத்தைந்து வயதில் அம்மாவின் முன்னால் அப்படி அழ அவனுக்கு வெட்கமாகக்கூட இல்லை. வேலையைத் தேடிக்கொள்ளலாம். அப்பாவிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

காக்காய் இரண்டாவது உருண்டையை எடுத்தது. அவசரமில்லாமல், ரசித்துத் தின்றது.

அதையே பார்த்துக்கொண்டிருந்த சாஸ்திரிகள் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கொழந்தையைத் திட்டாதீங்கோ மாமி. மிலிட்டரி ஹோட்டல்ல போய் உக்காந்தா உங்காத்துக்காரர் எப்பவும் டபுள் ஆம்லெட் ரெண்டு சொல்லுவார். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு.”