குவைத்துக்குப் போன எங்கள் தெரு

எங்கள் தெருவில் ஒருவர் தும்மினால் குவைத்தில் நாலு பேர் கைக்குட்டையை எடுத்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு முழுப் பொறுப்பும் கேசட்டு மாமியுடையது. ரேடியோவில் உள்ளூர்ச் செய்தி வேறு, வெளிநாட்டுச் செய்தி வேறு. உள்ளூர்ச் செய்தியையே வெளிநாட்டுச் செய்தி ஆக்கிய ஒரே பெண்மணி எங்கள் மாமிதான்.

மாமிக்கு அவருடைய வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது ரேஷன் கார்டோடு சரி. காரைக்காலில் கோவில்பத்துப் பக்கம் வந்து, "கேசட்டு மாமி வீடு எது?" என்று கேட்டால் சைக்கிளில் போகிறவர் இறங்கி நின்று காட்டுவார். "நான் காட்டுனேன்னு சொல்லிடாதீங்க, ரெக்கார்டு பண்ணிடும்" என்று சொல்லிவிட்டு அவசரமாக மிதிப்பார்.

எங்கள் தெரு ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது குவைத்தில் இருந்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே அறை. என் வாப்பாவும் அதில் ஒருவர். மாமியின் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "கடுதாசி எழுத ஆளைத் தேடி அலையாதே. சொல்ல வேண்டியதை இதுல சொல்லி, வர்றவங்ககிட்ட குடுத்தனுப்பு" என்றார். மனைவி நலமா, பிள்ளைகள் நலமா என்று கேட்டுக்கொள்ளலாம் என்பது மனிதரின் எண்ணம். தெரு மொத்தமும் பேச வேண்டும் என்று மாமி எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மாமி வீட்டுக் கூடத்தில் பாய் விரியும். பெண்கள் சுற்றி உட்காருவார்கள். மாமி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கி, "அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாரும் கேட்டுக்குங்க" என்று ஆரம்பிப்பார். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருவது, சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு பகலில் எரிந்து இரவில் தூங்குவது, கறிக்கடைக்காரர் எலும்பை அள்ளிப் போடுவது எல்லாம் வரிசையாக வரும். அப்புறம் பெட்டியைத் தூக்கி ஒவ்வொருவர் வாய்க்கும் நேராகப் பிடிப்பார். பெட்டியின் மூலையில் பட்டாணி அளவில் இருந்த ஓட்டைதான் மைக்.

"உன் அபிப்பிராயம் என்னா? மைக்கைப் பார்த்துப் பேசு புள்ளே! குவைத்துல இருக்கவங்களுக்கு நீ தலையாட்டுறது தெரியுமா?"

மாமியிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒருவர் சொன்ன அபிப்பிராயத்தை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. டேப்பு சும்மா ஓடவும் கூடாது. "காலி டேப்பு ஓடுறது, சோத்தை அள்ளிக் குப்பையில கொட்டுற மாதிரி" என்பார். யாரும் பேசாவிட்டால் மாமி பேசுவார். மீன் விலையைச் சொல்வார், பூனை குட்டி போட்டதைச் சொல்வார், ஒன்றும் இல்லாவிட்டால், "இப்ப எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கோம்" என்பதை விளக்கமாகச் சொல்வார்.

போன கேசட்டுக்குப் பதில் கேசட்டு வர இரண்டு மாதம் ஆகும். யாராவது லீவில் வர வேண்டுமே! அதற்குள் இங்கே பிரச்சினை முடிந்து புல் முளைத்திருக்கும்.

மாடிவீட்டு மாமியின் ஆடு, எதிர்வீட்டு முசேயின் குரோட்டன்ஸ் செடியைத் தின்ற விவகாரமும் இப்படித்தான் ஆனது. முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர். பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி, தெருவில் எல்லோரும் அவரை முசே என்றே கூப்பிடுவோம். கேசட்டு மாமி பெட்டியோடு அவர் வாசலுக்கே போய் நின்றார்.

"பிரெஞ்சுக்காரன் இருந்தப்போ ஒரு ஆடு தனியா தெருவுல நடக்குமா?" என்று கர்ஜித்தார் முசே.

"அவன் போயி எம்புட்டோ காலமாச்சு முசே. நீங்க இந்த ஆட்டு விஷயத்துக்கு வாங்க" என்றார் மாமி.

கேசட்டு விமானம் ஏறியது. இடையில் பக்ரீத் வந்தது. ஆடு குர்பானியானது. முசே வீட்டுக்கும் பங்கு போனது. அவர் சாப்பிட்டுவிட்டு வந்து, "கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு" என்று பாராட்டி, மாடிவீட்டோடு ராசியானார். அதற்கப்புறம் பதில் கேசட்டு வந்தது. குவைத்து அறை இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். ஆட்டுக் கட்சி ஒன்று, செடிக் கட்சி ஒன்று. தனித்தனியாகச் சமைக்கிறார்களாம். மாடிவீட்டுக்காரர் கேசட்டில், "என் ஆட்டைப் பத்திப் பேச அந்தாளு யாரு?" என்று கத்தினார். கேட்டதும் மாடிவீட்டு மாமிக்கு ரோஷம் வந்து நேராக முசே வாசலுக்குப் போனார். "நீங்க ருசிச்சுத் தின்னீங்களே, அதே ஆடுதாங்க அது!" மறுபடி முதலில் இருந்து சண்டை. செத்த ஆட்டுக்கு இரண்டு நாட்டில் வழக்கு நடந்தது.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. ஆட்டுக்கு அடுத்து அந்தப் பெட்டியில் ஏறியது நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன். பிளஸ் டூ தேறி, ஊரிலேயே காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. வாப்பா சம்மதம்தான் பாக்கி. கடிதம் எழுதலாம் என்றால் வாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அறையில் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். படித்துச் சொல்கிறவர் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துப் படிப்பார். உம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டது: "இப்பப் போய்ச் சேர்ந்துக்க. வாப்பா வேணாம்னு சொன்னா அன்னைக்கே நிறுத்திடணும்." என் படிப்பு மாமியின் கேசட்டில் தொங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பாவிடம் பேசலாம் என்று மாமி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே என் பெயர் காதில் விழுந்தது. நான் இல்லாமலே என்னைப் பற்றி அபிப்பிராயம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்! மாடிவீட்டு மாமி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "படிச்ச புள்ளைக்கு மாப்பிள்ளை எங்க தேடுறது? பஸ்ஸுல ஆம்புளையோட இடிச்சுக்கிட்டுப் போகணுமா? நம்ம தெருவுக்கே ஒரு பேச்சு வந்துடும்" என்றார். எல்லோரும் "ஆமாங்குறேன்" என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற முசேகூட, "பொண்ணு படிக்கட்டும், வேணாங்கலை. ஆனா என் செடிக்கு ஒரு முடிவு சொல்லிட்டு..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. செருப்பைக் கழற்றினேனா என்றுகூட நினைவில்லை.

"மாடிவீட்டு மாமி, உங்க டாக்டர் சீட்டைப் படிச்சுச் சொல்லி எந்த மாத்திரை எப்பன்னு பிரிச்சுக் குடுத்தது யாரு? அப்ப நான் படிச்சது இனிச்சுதா? சாக்கடைக்கு மேரிக்கு மனு எழுதினது யாரு?" எங்கள் ஊரில் முனிசிபாலிட்டிக்கு இன்னும் மேரி என்றுதான் பெயர். "பஸ்ஸு எந்த ஊருக்குப் போகுதுன்னு போர்டைப் பார்த்துச் சொல்ல நான் வேணும். அதே பஸ்ஸுல நான் ஏறக் கூடாதா?"

மாடிவீட்டு மாமி பெட்டியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். என்னால் அடங்க முடியவில்லை.

"எங்க வாப்பா தையல்காரரு. தையல் வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி வெயில்ல ரோடு போட விட்டாங்க. ஏன்? என்னா எழுதியிருக்குன்னு தெரியாம அந்தத் தாள்ல கைநாட்டு வச்சாரு. படிச்சுச் சொல்ல அன்னைக்கு எங்க வூட்டுல ஒரு ஆள் இல்லை. இப்ப நான் இருக்கேன். என்னையும் இல்லாம ஆக்கப் பாக்குறீங்களா?"

சொல்லிவிட்டுத் திரும்பினால், கேசட்டு மாமி பெட்டியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி எனக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டேப்பு சுற்றுகிறது.

"நிறுத்துங்க மாமி! அதை அழிங்க!"

"அபிப்பிராயத்தை அழிக்கிறதில்லை" என்றார் மாமி.

இப்படி ஓர் அநியாயம் உண்டா? தெரு பேசியதோடு நான் கத்தியதும் சேர்ந்து வாப்பாவுக்குப் போகும். பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பெண் என்ற பெயரும் சேர்ந்து போகும். மறுநாள் யாரோ புறப்பட, கேசட்டும் புறப்பட்டது. நான் மாமியோடு பேசுவதை நிறுத்தினேன். மாமி கவலைப்படவில்லை. எனக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டார்.

காலேஜுக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் அதுவே கடைசி நாள் என்று நினைத்துப் போனேன்.

பதில் கேசட்டு வந்தது. கூடம் நிறைந்துவிட்டது. ஜன்னலில் முசே. உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டது. வாப்பாவின் குரல் கரகரவென்று வந்தது.

"கேசட்டைப் போட்டா முதல்ல ஒண்ணுமே இல்லம்மா. ரொம்ப நேரம் சும்மாவே ஓடுச்சு. கெட்டுப் போச்சுன்னு எடுக்கப் போனோம். காத்தாடி சுத்துற சத்தம் மட்டும் கேட்டுது. ஒரு தடவை கோழி கத்துச்சு. யாரோ தும்முனாங்க. அப்புறம் திடீர்னு நீ கத்துறே. அறையில ஒருத்தரும் சோத்துல கை வைக்கலை. போட்டுப் போட்டுக் கேட்டோம்." கொஞ்ச நேரம் இருமல். "நீ சொன்னது நிசம்தாம்மா. நல்லாப் படி. கம்பெனியில புதுசா ஒரு தாள் குடுத்திருக்கான். நான் இன்னும் கைநாட்டு வைக்கலை. வர்ற ஆளுகிட்ட அனுப்பியிருக்கேன். என்னா எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு. அதுக்கப்புறம் வைக்கிறேன்."

உம்மா அழுதது. மாடிவீட்டு மாமி எழுந்துவிட்டார்.

"அப்ப நாங்க சொன்ன அபிப்பிராயமெல்லாம் எங்க போச்சு?"

"ரீலு சிக்கிக்கிச்சு" என்றார் கேசட்டு மாமி. சிக்கின எந்த ரீலையும் பென்சிலைவிட்டுச் சுற்றிச் சரியாக்குகிற கை அது.

"என் செடி விஷயம்?" என்றது ஜன்னல்.

"அதுவும் சேர்ந்து சிக்கிக்கிச்சு முசே."

கூட்டம் கலைந்த பிறகும் என் கோபம் கலையவில்லை. "என்னைக் கேக்காம எப்படி மாமி நீங்க அதைப் பிடிக்கலாம்?" என்றேன்.

"கேட்டிருந்தா நீ மெதுவாப் பேசியிருப்பே" என்று சொல்லிவிட்டு மாமி பாயைச் சுருட்டினார்.

இன்றைக்கு எனக்கு ஆபீஸ் வேலை. முதல் சம்பளத்தில் நானும் ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. டேப்பில் ஏறிய பேச்சை அழிக்க வேண்டுமென்றால், அதன் மேலேயே மறுபடி ரெக்கார்டு பொத்தானை அமுக்கி, டேப்பை ஓடவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாயைத் திறந்தால் மாமியால் தெரு சொன்னதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதனால் தெருவிலேயே அதிகம் பேசுகிற பெண், காலி டேப்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, காத்தாடிக்குக் கீழே வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்திருக்கிறார். தும்மலை மட்டும்தான் அடக்க முடியவில்லை.

அந்தத் தும்மலுக்குக் குவைத்தில் யாரும் கைக்குட்டையை எடுத்தார்களா, தெரியாது. நான் எடுத்தேன்.