அத்தான் பெயரில் ஒரு அறுவடை மிஷின்

விவாகரத்து ஆனவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அதற்காக யாரும் தலைகுனிந்து நடந்து நான் பார்த்ததில்லை. நானும் அதற்காகத் தலைகுனியவில்லை. அந்தச் சமயத்தில் என் பணத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சு வந்தால்தான் எனக்கு உடனே எங்காவது வெளியே போக வேண்டிய வேலை வந்துவிடும்.

ராணுவத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று மயிலாடுதுறைக்கு வந்து சேர்ந்தேன். (ஹவில்தார் என்றதும் பனிமலை, துப்பாக்கி என்று கற்பனை செய்ய வேண்டாம். நான் ஸ்டோரில் இருந்தவன். கம்பளியும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்தே என் வீரம் தீர்ந்துபோனது.) சர்வீஸில் இருந்தவரை நானும் விஜயாவும் ஒற்றுமையான தம்பதி. வருஷம் ஒருமுறை லீவில் வருவேன். சண்டை சூடு பிடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும்.

ஓய்வு பெற்றபின் லீவு முடியவே இல்லை. விஜயா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இத்தனை வருஷம் தனியாளாகக் குடும்பத்தை நடத்தி, தன் சம்பளத்தில் வீடும் கட்டி, மகள் கயல்விழியைத் திருச்சியில் கல்லூரிக்கும் அனுப்பியவள். அந்த வீட்டில் நுழைந்து நான் பருப்பு டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினேன். போர்வையை எப்படி மடிப்பது என்று அவளுக்குச் செய்து காட்டினேன். கேஸ் சிலிண்டர் ஏன் இத்தனை சீக்கிரம் தீர்ந்தது என்று விளக்கம் கேட்டேன். ஒருநாள் அவள் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்:

"நீங்க கெட்டவர் இல்லைங்க. ஆனா நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கப் பழகவே இல்ல. இனிமே பழக எனக்குத் தெம்பும் இல்ல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சேர்ந்தே மனுப் போடுவது என்று முடிவானது. நான் கீழ வீதியில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனேன். எங்கள் வக்கீல் அம்மா நிதானமானவர். வீடு விஜயாவுடையது, பென்ஷன் என்னுடையது, கயலின் படிப்புச் செலவு இருவருக்கும் பொது, ஓய்வின்போது வந்த மொத்தத் தொகையை எப்படிப் பிரிப்பது என்று குடும்ப நீதிமன்ற ஆலோசகர் முன்னால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். முடிவாவதற்குமுன் இருவரும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது என்றும் சொன்னார். நியாயமான ஏற்பாடு. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். கும்பகோணத்துக்குப் போய் செல்வராஜைப் பார்த்தேன். என்னோடு ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டு எனக்கு முன்பே வெளியே வந்தவன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் அவன் கடையில்தான் நகல் எடுப்பார்கள். அதனால் சட்டமும் தெரியும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அதைவிடப் பெரிய நம்பிக்கை. பொம்பளை கண்ணில் பணம் படவே கூடாது, வேறு ஆள் பெயரில் எதையாவது வாங்கிப்போடு, கேட்டால் செலவாகிவிட்டது என்று சொல், பார்க்கவும் கொஞ்சம் இல்லாதவன் மாதிரி இரு என்று விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தான். (செல்வராஜுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.)

வேறு ஆள் என்றால் எனக்கு அத்தான்தான். குத்தாலம் பக்கம் இருக்கும் என் அக்காவின் கணவர். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம் என்று சாகுபடி செய்பவர். சம்பா அறுவடைக்கு வெளியூர் மிஷின்களுக்காகக் காத்துக்கிடந்து நொந்துபோயிருந்தார். பழைய அறுவடை மிஷின் ஒன்று நல்ல நிலையில், சேற்றிலும் இறங்கும் பெல்ட் வைத்தது, விலைக்கு வந்தது. என் பணத்தில் முக்கால்வாசியைப் போட்டு அவர் பெயரில் வாங்கினேன். விவாகரத்து விஷயம் அதுவரை அக்கா வீட்டுக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இன்கம் டாக்ஸில் ஒரு சிக்கல், மிஷின் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், என் பெயர் எங்கேயும் வரக்கூடாது, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அத்தானிடம் சொன்னேன். அவர் மிரண்டுபோய், "சரி மாப்ளே, சரி மாப்ளே" என்றார்.

காரியம் முடிந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் மயிலாடுதுறைக்குள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

ஆலோசகரைப் பார்க்கும் நாள் வந்தது. செல்வராஜின் யோசனைப்படி ஷேவ் செய்யவில்லை. காலர் கிழிந்த சட்டை, ரப்பர் செருப்பு. சட்டையில் பொத்தான்கள் சரியாக இருந்ததால் ஒன்றை நானே அறுத்துக்கொண்டேன். விஜயா பள்ளிக்குப் போகிற அதே சேலையில் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். வக்கீல் அம்மாவும் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

ஆலோசகர் வயதான, பொறுமையான மனிதர். ஓய்வுத் தொகையைப் பற்றிக் கேட்டார்.

"செலவாயிடுச்சு சார்" என்றேன்.

"எதுல?"

"பல விதத்துல சார்."

வக்கீல் அம்மா பேனாவை மூடி வைத்தார். விஜயா கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒரு படத்தைத் திறந்து, ஆலோசகர் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு என்னிடம் நகர்த்தினார்.

படத்தில் என் மிஷின். நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்து என்று சொல்லக்கூடிய இடத்தில் சாமந்தி மாலை. அதற்கு மேலே ஆள் உயரச் சிவப்பு எழுத்தில் 'விஜயா' என்று எழுதியிருந்தது. முன்னால் கையில் தேங்காயுடன் விஜயாவே நின்றாள். பக்கத்தில் அத்தான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். என் பெயர் வரக்கூடாது என்று நான் சொன்னதை அத்தான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். ஆனால் நன்றியுள்ள மனிதர் அல்லவா, என் மனைவி பெயரை எழுதினார். யாரிடமும் சொல்லக்கூடாது என்றதில் மனைவி அடங்குவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் வந்தால் என் பெயர் வெளியே வந்துவிடும் என்று என்னை விட்டுவிட்டு, பூஜையன்று நேரே போய் அவளை அழைத்து வந்து, அவள் கையால் தேங்காய் உடைக்கவைத்து, மிஷினை முதல் வயலில் இறக்கியிருக்கிறார்.

"அண்ணன் அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டாரு சார். மறுக்க முடியல" என்றாள் விஜயா. "நேத்து வந்து வாடகைப் பணத்தையும் கொடுத்துட்டுப் போனாரு. வேணாம்னேன். உன் பேர்ல ஓடுற வண்டிம்மான்னு மேஜையில வெச்சுட்டுப் போயிட்டாரு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்றார் ஆலோசகர்.

"பேங்க்ல பணம் எடுத்தப்பவே எனக்கு மெசேஜ் வந்துடுச்சு சார். கணக்கு எங்க ரெண்டு பேர் பேர்லயும்தான். இவர் பார்டர்ல இருந்தப்ப டவர் கிடைக்காதுன்னு என் நம்பரைக் கொடுத்து வெச்சது இவரேதான். எப்ப சொல்வாருன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. பரீட்சையில் எதிர்பார்த்த தப்பையே எழுதிய பையனின் தாளைத் திருத்துகிற மாதிரிப் பேசினாள். நான் அறுந்த பொத்தான் இருந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டேன். அவ்வளவு நேரமும் எனக்கு வராத வெட்கம் அப்போதுதான் வந்தது. இவள் ஒருநாளும் என்னிடம் ஒரு பைசா ஒளித்தவள் இல்லை.

வெளியே வந்ததும் வக்கீல் அம்மா என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார். "பிரமாணப் பத்திரத்துல நீங்க இன்னும் கையெழுத்துப் போடலை. இந்தப் பொய்யை அதுல எழுதியிருந்தீங்கன்னா, உங்களுக்காக நான் பேசறதுக்கு ஒண்ணுமே மிஞ்சியிருக்காது" என்றார். பென்ஷன்காரர் வருமானத்தை ஒளிப்பதும் வீண் வேலை, கொடுப்பது சர்க்காரே என்பதால் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்றும் சொன்னார். அன்று மாலையே ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

அக்காவிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. விவாகரத்தை நான் எதிர்பார்த்ததைவிட அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு விஷயம்.

"அதை அப்படியே சொல்ல வேண்டியதுதானேடா. இன்கம் டாக்ஸுன்னு நீ சொன்னதுலேருந்து வாசல்ல கார் நின்னாலே இவரு கொல்லைப் பக்கம் போயிடறாரு."

முடிவு சிக்கலில்லாமல் வந்தது. மிஷின் விஜயாவுக்கு, மிச்சமிருந்த பணம் எனக்கு, கயலின் படிப்பு இருவருக்கும். விஜயா கணக்கு டீச்சர் என்பது அந்த மிஷினுக்கு நல்லதாகப் போயிற்று. அத்தானைப் பங்குதாரராக வைத்துக்கொண்டு குத்தாலத்திலிருந்து செம்பனார்கோயில் வரை ஓட்டுகிறாள். சும்மா நிற்கும் நாள் குறைவு என்று கேள்வி. (கேள்விதான். கணக்கு எனக்கு வருவதில்லை.)

அக்கா வீட்டில் இப்போதெல்லாம் பொய்க்குப் பெயரே இன்கம் டாக்ஸ்தான். டியூஷன் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போகிற தன் மகனிடம், "என்கிட்ட இன்கம் டாக்ஸ் விடாதே" என்பாள் அக்கா. கயல் ஸ்கூட்டர் வாங்கியபோது எனக்குப் போன் செய்து, "என் பேர்லதான்பா வாங்கியிருக்கேன், நீங்க பதறாதீங்க" என்றாள். போனுக்கு அந்தப் பக்கம் அவள் தோழிகள் சிரிப்பதும் கேட்டது.

நான் இப்போது குத்தாலம் அருகே கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறேன். போன தை மாதம் மழை மிரட்டியது. மிஷினுக்காக எனக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அத்தானுக்குப் போன் செய்து, பயிர் முழுக்கச் சாய்ந்துவிட்டது, முதலில் எனக்கு அனுப்புங்கள் என்றேன். ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் மாப்ளே என்றார். கொஞ்ச நேரத்தில் ஓனரே கூப்பிட்டாள்.

"முழுக்கச் சாஞ்சிடுச்சா?"

"கால்வாசி" என்றேன்.

மறுநாள் காலையில் மிஷின் வந்தது. வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.