அலுங்காமல் குலுங்காமல் கோயம்புத்தூருக்கு

மூன்றாவது கூரியர்காரரும் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியபோது, விஸ்வநாதனுக்கு அழுகை வராத குறை.

பெட்டிக்குள் இருந்தது அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபயர். முப்பத்தோரு கிலோ. டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துபோய் ஐந்து மாதமாக வாயே திறக்கவில்லை. அதைத் தொட்டுச் சரிசெய்யும் தகுதி உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் என்பது விஸ்வநாதனின் கட்சி. கோயம்புத்தூரில் வைண்டிங் கடை வைத்திருக்கும் வேலாயுதம்.

"டிரான்ஸ்பார்மர மட்டும் கழட்டி அனுப்புங்க சார், போதுமுங்க" என்று வேலாயுதம் போனில் சொல்லித்தான் பார்த்தார். விஸ்வநாதனுக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் வயிற்றை மட்டும் கழற்றியா டாக்டரிடம் அனுப்புவார்கள்?

"துர்க்கா பூஜைக்குள்ள திரும்பி வந்தாகணும் வல்லி. சப்தமி அன்னிக்குப் பாட்டு கேக்க ஆபீஸ்ல பத்து பேரைக் கூப்பிட்டுட்டேன். வரலைன்னா மானம் போயிடும்."

"என் கிரைண்டர் நின்னு எட்டு மாசம் ஆச்சு" என்றாள் சுந்தரவல்லி.

"அதுக்கென்ன அவசரம்? லேக் மார்க்கெட்ல மாவு பாக்கெட்ல கிடைக்குது. இந்த ஆம்ப்போட சத்தம் பாக்கெட்ல கிடைக்குமா?"

சமையலறை மூலையில், பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு கிரைண்டர் நின்றிருந்தது.

முதல் கூரியர்காரர் தூக்கியபோது அட்டைப்பெட்டியின் அடி பிளந்தது. இரண்டாவது பெட்டியில் வீட்டிலிருந்த ஆறு தலையணைகளையும் விஸ்வநாதன் திணித்தார். அளந்து பார்த்த இரண்டாவது கூரியர்காரர், "இது கூரியர் இல்ல, வீடு காலி பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று தலையணைகளை உருவியதும் உள்ளே ஏதோ ஆடியது. ஆடுகிற பெட்டியை எடுக்க மூன்றாமவர் தயாரில்லை. வால்வுகளைக் கழற்றி அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருந்ததால், அன்று சோறு வடிக்கவும் தடை.

அப்போதுதான் சுந்தரவல்லி வாய் திறந்தாள்.

"குமார்துலி ஆளைக் கூப்பிடுங்க."

"யாரு, துர்க்கை சிலை பண்றவங்களா?"

"களிமண் சிலை லண்டன் வரைக்கும் ஒரு விரல் உடையாம போகுதாம். உங்க இரும்புப் பெட்டி கோயம்புத்தூர் போகாதா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு ஆதரவாக அவள் பேசியது இதுதான் முதல் தடவை. விஸ்வநாதன் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் சிலை கட்டும் நிமாய் பால், ஒரு வண்டி வைக்கோலும் மூங்கிலும் பலகையுமாக அந்த சால்ட் லேக் குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கினார். ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"முகம் எந்தப் பக்கம், தாதா?" என்று வங்காள முறையில் அண்ணன் கொண்டாடிக் கேட்டார்.

விஸ்வநாதன் மிகுந்த மரியாதையுடன் மீட்டர் இருந்த பக்கத்தைக் காட்டினார்.

"பத்து கை இல்ல, சிங்கம் இல்ல. சுலபம்" என்றார் நிமாய் பால்.

"மெதுவா... அய்யோ, அங்க பிடிக்காதீங்க... வைக்கோலைக் கொஞ்சம்..."

"நீங்க பக்கத்துல நின்னா அவருக்குக் கை ஓடல" என்றாள் சுந்தரவல்லி. "போய் சிவப்புப் பெயின்ட் வாங்கிட்டு வாங்க. 'கண்ணாடி, ஜாக்கிரதை'ன்னு எழுதணும்ல?"

பூஜை நெருக்கத்தில் கடைத்தெருவே பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். ஆணி அடித்து முடித்த பலகைப் பெட்டி கூடத்தில் பீரோ மாதிரி நின்றது. அழகான வேலை. ஒரே ஒரு குறை, அது வாசல் கதவைவிட அரை அடி அகலம்.

"நாங்க எப்பவும் வெளியில வச்சுத்தான் கட்டுவோம்" என்றார் நிமாய் பால் வருத்தமாக, சுந்தரவல்லியைக் கைகாட்டி. "பௌதிதான் வீட்டுக்குள்ளயே கட்டணும்னாங்க. பிரிச்சுக் கட்டட்டுமா?"

"வேண்டாம்!" சுந்தரவல்லி போட்ட சத்தத்தில் விஸ்வநாதனே திடுக்கிட்டார். "நல்லபடியா கட்டினதைப் பிரிக்கக் கூடாது. பால்கனி வழியா இறக்குங்க."

இரண்டாவது மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பலகை இடுக்கில் வைக்கோல் தெரிய, மேலே குமார்துலிக்காரர் நின்று குரல் கொடுக்க, கீழே கூடியவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஒரு வயதான மாஷிமா குலவையிட்டாள். எதிர்வீட்டிலிருந்து சங்கு ஊதியது. வாட்ச்மேன் செருப்பைக் கழற்றினார்.

"சாமி இல்லீங்க, ஆம்ப்!" என்று பால்கனியிலிருந்து கத்தினார் விஸ்வநாதன். சங்குச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

பார்சல் லாரி ஆட்கள் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏற்றினார்கள். படுக்க வைக்க மாட்டோம் என்றார்கள். மேலே வேறு சரக்கு வைப்பது பாவம் என்றார்கள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல விஸ்வநாதனுக்கு என்ன பைத்தியமா? அவரும் ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

அடுத்த எட்டு நாள் அவர் மனுஷராகவே இல்லை. மழை பெய்தால் பெட்டி நனையுமே என்றார். வெயிலடித்தால் பலகை விரியுமே என்றார். சமையலறையில் புலம்பிக்கொண்டே காப்பி டம்ளரை மூலையிலிருந்த புடவைப் போர்வைமேல் வைத்தார். சுந்தரவல்லி பாய்ந்து வந்து டம்ளரை எடுத்தாள்.

"அதுமேல எதையும் வைக்காதீங்க. அப்புறம் நீங்கதான் வருத்தப்படுவீங்க."

ஒன்பதாம் நாள் காலை வேலாயுதம் போன் செய்தார்.

"சாருங்க, பொட்டி வந்துருச்சுங்க. பிரிச்சுட்டனுங்க. ஒரு கீறல் இல்லீங்க! இந்த மாதிரி பேக்கிங்க என் சர்வீசுல பாத்ததில்லீங்க."

விஸ்வநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, "வல்லி, எல்லாம் உன்னாலதான்! இந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்!" என்றார்.

"மறக்க மாட்டீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"சரி வேலாயுதம், டிரான்ஸ்ஃபார்மர் எப்படி இருக்கு?"

"அது அடுத்த பொட்டியிலன்னு அம்மா சொன்னாங்களேங்க! இப்போதைக்குக் கல்லக் கொத்தி, மோட்டாரச் சுத்தி, பெல்ட்ட மாத்தி அனுப்பிடறனுங்க, சப்தமிக்கு வர்ற பத்து பேருக்கும் இட்லி ஊத்திரலாமுங்க."